கிறித்தவப் பள்ளியில் வணிகவியல் பிரிவு: ஆறாவது பாடம் வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடுகளா?

அரிசிப்பாளையத்துத் தந்தை:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் சேலத்தில் அரசு உதவிபெறும் கிறித்தவப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்து, இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 438 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். அதே பள்ளியில் வணிகவியல் பிரிவில் சேரவேண்டும் என்றும், பிறகு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்கவேண்டும் என்றும் அவளாகவே முடிவு செய்திருக்கிறாள். நான் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன். கணக்கு எழுதுவதற்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பில்களைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு என் அறிவு முடிந்துவிடுகிறது. "இவ்வளவு மார்க் எடுத்த பெண்ணைக் காமர்ஸில் தள்ளுவதா?" என்று என் அண்ணனும் மைத்துனரும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள்.

அந்தப் பள்ளியில் வணிகவியல் பிரிவு இரண்டாக இருக்கிறது. தமிழ், ஆங்கிலம், பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் ஆகிய ஐந்தும் இரண்டுக்கும் பொது. ஆறாவது பாடமாக ஒன்றில் வணிகக் கணிதமும் புள்ளியியலும், மற்றொன்றில் கணினிப் பயன்பாடுகளும் வருகின்றன. மகளின் தோழியர் எல்லாரும் கணினிப் பக்கம் போகிறார்கள். அவளுக்கும் அந்தப் பக்கமே மனம் சாய்கிறது. அந்தப் பள்ளியிலேயே தொடரலாமா, எந்த ஆறாவது பாடம் நல்லது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டில் ஒரு சீட்டு ஓடுகிறது. பயிற்சி வகுப்புக்கு என்று தேவைப்பட்டால் அதை எடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர்:

நான் 22 ஆண்டுகளாக வெள்ளி வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்க்கிறேன். நானும் கிறித்தவப் பள்ளி ஒன்றில் வணிகவியல் படித்தவன்தான். உங்கள் அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள்: சேலத்தில் கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, லீ பஜார் மண்டி, விசைத்தறி என்று எதை எடுத்தாலும் கணக்குத் தெரிந்த ஆளுக்கு வேலை இல்லாமல் போனதில்லை.

எங்கள் பேரேட்டைப் பார்த்தால் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளே முதல் மாதம் திகைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பட்டறைக்காரர் பெயரிலும் ரூபாய்க்கு ஒரு பத்தி, எடைக்கு ஒரு பத்தி. வெள்ளிக் கட்டியைக் கொடுத்தால் அவர் கணக்கில் எடையில் பற்று; கொலுசாக அவர் திருப்பித் தரும்போது எடையில் வரவு; சேதாரத்துக்கு ஒப்புக்கொண்ட அளவு கழித்து, கூலி மட்டும் ரூபாய்ப் பத்தியில் ஏறும். பணக் கணக்கு நேராகி எடைக் கணக்கில் 14 கிராம் நின்றால், அந்த 14 கிராம் கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இதைப் பள்ளி சொல்லித்தரவில்லை; ஆனால் ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப்பதிவு முறையை ஒழுங்காகப் படித்ததனால்தான் எனக்கு இரண்டே நாளில் விளங்கிற்று.

ஆறாவது பாடத்தில் எனக்கு ஐயமே இல்லை, வணிகக் கணிதம்தான். பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்தில் நிதியியல் கணிதம் என்று ஓர் இயல் உண்டு; தவணைப் பங்கீட்டுத் தொகை, பங்குகள் எல்லாம் அதில் வரும். எங்கள் கடைப் பையன் ஒருவன் வண்டி வாங்க ஒரு இலட்சம் கடன் எடுத்தான். ஆண்டுக்கு 12 சதவீதம் 'பிளாட்' வட்டி, 12 தவணை, மாதம் 9,333 ரூபாய். பன்னிரண்டு சதவீதம்தானே என்று அவன் மகிழ்ச்சியாக இருந்தான். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போது வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் போடப்படுகிறது. அந்த இயலில் உள்ள வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல் போய் நிற்கும். அவனும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன்தான், கணினிப் பயன்பாடுகள் எடுத்தவன்.

ஐந்துரோட்டுவாசி:

எல்லாம் சரி, பாடம் நடத்த ஆள் இருந்தால்! நான் படித்த பள்ளியும் நிறுவப்பட்டு நூறு ஆண்டு கடந்த உதவிபெறும் கிறித்தவப் பள்ளிதான், பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மேலிருந்து வரிசையாக வெட்டி, முதல் துண்டு உயிரியல், இரண்டாவது கணினி அறிவியல், கடைசித் துண்டு வணிகவியல் என்று பிரித்தார்கள். கணக்குப்பதிவியல் ஆசிரியர் ஓய்வு பெற்று, அந்த இடம் நிரப்பப்படாமல் ஆறு மாதம் கிடந்தது. பிறகு நிர்வாகத்தின் சார்பில் தொகுப்பூதியத்தில் ஓர் இளைஞர் வந்தார். இருப்புநிலைக் குறிப்பை (பேலன்ஸ் ஷீட்) கரும்பலகையில் எழுதிப்போட்டு அப்படியே பார்த்து எழுதச் சொன்னார். இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒன்றாக வரவேண்டும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும், ஏன் வரவேண்டும் என்பது தெரியாது. வராவிட்டால் 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு வரி சேர்த்துச் சரிசெய்துவிடுவோம். தேர்வில் 35 எடுத்துத் தேர்ச்சியும் பெற்றேன்.

ஆகவே பள்ளியின் பெயரையும் கட்டடத்தையும் பார்த்துச் சேர்க்காதீர்கள். கணக்குப்பதிவியலுக்கும் வணிகக் கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியையிடம் நேராகவே கேளுங்கள்.

இன்னொன்று, 2025-26 முதல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரம் தள்ளிவிட்டு, முதல் ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் பழக்கம் பல பள்ளிகளில் முன்பு இருந்தது. அதைத் தடுக்கவே 2017-18-இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம் என்று அடித்தளம் முழுவதும் பதினோராம் வகுப்பில்தான் இருக்கிறது. அதை ஓட்டிவிட்டுக் கூட்டாண்மைக் கணக்குக்குப் போனால் என் கதைதான்.

ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை:

ஐந்துரோட்டுவாசி சொல்வதை மறுக்க மாட்டேன். மதிப்பெண் பட்டியலை வெட்டிப் பிரிக்கும் வழக்கத்தை என் பணிக்காலம் முழுவதும் எதிர்த்திருக்கிறேன். இரண்டொரு முறைதான் வென்றேன்.

நான் உதவிபெறும் கிறித்தவப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்குப்பதிவியல் நடத்தினேன். பதினோராம் வகுப்பில் நுழையும் பிள்ளை முதலில் இடறி விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். வீட்டில் 'வரவு செலவு' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பணம் வந்தால் அது வரவு என்றே நினைக்கும். பாடநூலோ, ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுது என்கிறது. பிள்ளை குழம்பிப்போய், விதியை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறது. அன்றோடு கணக்குப்பதிவியல் செத்தது. இதனால்தான் தமிழ்ச் சொற்களைவிட 'டெபிட்', 'கிரெடிட்' என்பனவே எளிது என்று சில ஆசிரியர்களும் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. முதல் வகுப்பில் நான் பாடநூலைத் திறக்கவே மாட்டேன்; மளிகைக் கடை நோட்டைத்தான் திறப்பேன். "அண்ணாச்சி, பற்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அரிசி வாங்கிவருகிறோம். அண்ணாச்சி நம் பெயரில் பற்று எழுதுகிறார். மாதம் பிறந்ததும் பணத்தைக் கொடுத்து, "வரவு வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். கடைக்காரர் ஏட்டில் வாங்கியவர் பெயருக்குப் பற்று, கொடுத்தவர் பெயருக்கு வரவு. இதில் எங்கே குழப்பம்? ரொக்கப் பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள், அது பணத்தை வாங்கிக்கொண்டது, ஆகவே அதன் பெயரில் பற்று எழுது என்றால் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கிவிடும். வங்கிக்காரர் நம் கணக்கில் 'வரவு வைக்கப்பட்டது' என்று செய்தி அனுப்புவது அவருடைய ஏட்டை வைத்துத்தான். நம் ஏட்டில் அதே தொகை வங்கியின் பெயரில் பற்று. இது புரிந்தவளுக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் அரை மணி நேர வேலை.

கிறித்தவப் பள்ளி என்பதில் ஒரு வசதியும் உண்டு, அதை நம் பள்ளிகளே சரியாகப் பயன்படுத்துவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள் என்று ஓர் இயல் இருக்கிறது. பாடநூல் விளையாட்டு மன்றத்தையும் பொழுதுபோக்கு மன்றத்தையும் வைத்துக் கணக்குக் கொடுக்கும். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் மன்றத்துக்குப் போயிருக்கிறார்கள்? பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஆலயம் இருக்கிறது. குருவானவரிடம் இசைவு பெற்று, பெயர்களை மறைத்துவிட்டு, ஆலயக் கணக்கை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் 1,800 ரூபாய்க்குப் போயிற்று. எடுத்தவர் பணத்தைச் சம்பளம் வந்ததும் தருவதாகச் சொல்லிவிட்டுப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மார்ச்சு 31 வந்துவிட்டது, பணம் வரவில்லை. கைக்கு வந்த, கையைவிட்டுப் போன பணத்தை மட்டும் காட்டும் பெறுதல்கள் செலுத்தல்கள் கணக்கில் அந்த 1,800 இருக்காது. அந்த ஆண்டுக்கு உரிய வருவாயைக் காட்டும் வருவாய் செலவினக் கணக்கில் இருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் வரவேண்டியதாக நிற்கும். ஆலய மணி வாங்குவதற்கென்றே ஒருவர் கொடுத்த 50,000 ரூபாய் கையில் ரொக்கமாக இருந்தாலும், அது அந்த ஆண்டின் வருவாய் ஆகாது. மணி நிதி என்று தனியே நிற்கவேண்டும். இந்த இரண்டையும் பார்த்த பிள்ளைகள் அந்த இயலில் மதிப்பெண் இழந்ததே இல்லை. ஒரே சிக்கல், பூசணிக்காய் வாங்கியவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு வாரம் கழிந்தது.

இரட்டைப்பதிவு முறையை முதன்முதலில் அச்சு நூலில் விரிவாக விளக்கியவரும் ஒரு துறவிதான். பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த லூக்கா பசியோலி, 1494-இல், வெனிஸ் நகரில். அவர் கண்டுபிடித்தது அல்ல. வெனிஸ் வணிகர்கள் அதற்கு முன்பே கையாண்டுவந்ததைத்தான் எழுதிவைத்தார். கணக்கேட்டைச் சிலுவைக் குறியிட்டுத் தொடங்கவேண்டும் என்று அவர் சொல்லியிருப்பதை வகுப்பில் சொன்னபோது, லீ பஜாரிலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து, "எங்கள் கடையில் பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதித் தொடங்குவோம், டீச்சர்" என்றாள்.

கொண்டலாம்பட்டிக்காரர்:

நாங்கள் இந்துக்கள். பெண்ணை அங்கே சேர்த்தால் மதப் பாடமும் படிக்கவேண்டியிருக்குமா?

ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை:

வேண்டியதில்லை, ஐயா. அரசு ஏற்போ நிதியுதவியோ பெறும் பள்ளியில் பெற்றோரின் இசைவு இல்லாமல் எந்தக் குழந்தையையும் சமய போதனைக்கு உட்படுத்தக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. மறைக்கல்வி நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். என் வகுப்பில் எப்போதும் பாதிக்கு மேல் கிறித்தவர் அல்லாத பிள்ளைகளே. விவிலியத்தில் வரும் தாலந்து உவமையை நான் பாடத்தில் இழுப்பதுண்டு. எசமான் கொடுத்ததை மண்ணில் புதைத்துவைத்த வேலைக்காரனைக் காட்டி, முடங்கிக் கிடக்கும் நடப்பு மூலதனத்தை விளக்குவேன். அதற்கு யாரும் வருத்தப்பட்டதில்லை.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்:

இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் எங்கள் கதை வேறு. ஏற்காட்டில் கிறித்தவ சபையார் நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வெளிமாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். என் மகன் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் வணிகவியல் படிக்கிறான். அவர்களுக்குக் கணக்குப்பதிவியலில் எழுத்துத் தேர்வு 80, செயல்திட்டம் 20. மாநிலப் பாடத்திட்டத்தில் 90-ம் அகமதிப்பீடு 10-ம் என்று அறிகிறேன். அந்த 20 மதிப்பெண் செயல்திட்டத்துக்காகப் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையை இணையத்திலிருந்து எடுத்து விகிதங்களைப் போட்டு ஒப்படைப்பதே வழக்கம். என் மகன் எங்கள் தோட்டத்துக் கணக்கைக் கேட்டான்.

கொடுத்த பிறகுதான் எனக்கே சில விளங்கின. காப்பிப் பழம் பறிப்பது நவம்பரிலிருந்து சில மாதங்கள்தான். ஆனால் கவாத்து, உரம், நிழல் மரக்கிளை கழித்தல் என்று கூலி ஆண்டு முழுவதும் வாராவாரம் போகிறது. இலாபம் வந்த ஆண்டிலும் ஆகஸ்டு மாதத்தில் கையில் பணம் இல்லாமல் நகையை அடகு வைத்திருக்கிறேன். இலாபம் வேறு, ரொக்க ஓட்டம் வேறு என்பதை அவன் மாதவாரியாக ஒரு தாளில் எழுதிக் காட்டினான். வருமான வரியிலும் ஒன்று கண்டுபிடித்தான். தானே விளைவித்துப் பதப்படுத்தி விற்கும் காப்பியின் வருமானத்தில் 25 சதவீதம் தொழில் வருமானமாகக் கருதப்படுகிறது. அதையே வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். பொடியாக விற்கலாமா என்று நான் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருந்தபோது, இந்த வேறுபாட்டை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் மலைப் பள்ளிக் கட்டணத்தைச் சொன்னால் உங்களுக்கு மயக்கம் வரும். அதே செயல்திட்டத்தைக் கீழே உள்ள உதவிபெறும் பள்ளிப் பிள்ளையும் அப்பாவின் லேத்துப் பட்டறையை வைத்துச் செய்யலாம், பாடத்திட்டம் தடுக்கப்போவதில்லை.

ஆர்ட்டிகிள் மாணவி:

நான் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் படித்து, சி.ஏ. முதல்நிலையில் இரண்டாம் முயற்சியில் தேறி, இடைநிலையும் முடித்து, இப்போது இரண்டு ஆண்டுத் தொழிற்பயிற்சியில் இருக்கிறேன். செய்திகளை மட்டும் சொல்கிறேன், ஐயா.

சி.ஏ. முதல்நிலைத் தேர்வை எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவரும் எழுதலாம்; ஆகவே கணினிப் பயன்பாடுகள் எடுத்தால் கதவு அடைபடும் என்பது தவறு. 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. கணக்கியல், வணிகச் சட்டம், அளவியல் திறன், வணிகப் பொருளியல் என்று நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் 40-ம், மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். மூன்றாம் நான்காம் தாள்கள் கொள்குறி வகை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். அந்த மூன்றாம் தாளில்தான் வணிகக் கணிதத்துக்கு 40, புள்ளியியலுக்கு 40, தருக்கத் திறனுக்கு 20. நான் பள்ளியில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவள். முதல் முயற்சியில் மற்ற மூன்று தாளிலும் தேறி, அதில் 34 எடுத்து மொத்தமாக விழுந்தேன். தோழி வணிகக் கணிதம் படித்தவள். நான் மூன்று மாதம் புதிதாகப் படித்ததை அவள் திருப்புதலாக முடித்தாள். டேலி என்னும் கணக்கு மென்பொருள் தெரியவேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம், அது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலிலேயே ஓர் இயலாக இருக்கிறது.

தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழிப் பிள்ளைக்கு இதுதான் உண்மையான மேடு. இப்போதிருந்தே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிப் பழகச் சொல்லுங்கள். அதற்காகப் பயிற்றுமொழியை மாற்றவேண்டாம். உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும் இப்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

அரிசிப்பாளையத்துத் தந்தை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மகளுடன் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை அருட்சகோதரியைப் பார்த்தேன். கணக்குப்பதிவியலுக்கு நிரந்தர ஆசிரியை இருக்கிறார். பதினான்கு ஆண்டு அனுபவம். வணிகக் கணிதத்தைக் கணித ஆசிரியை ஒருவரே கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார்; கடந்த ஆண்டு அந்தப் பிரிவில் 11 பேர்தான் இருந்ததால், இந்த ஆண்டு சேர்க்கை குறைந்தால் பிரிவை நடத்துவது கடினம் என்றும் அருட்சகோதரி ஒளிக்காமல் சொன்னார். மகள் அங்கேயே நின்று, தன் தோழியர் மூவரிடம் பேசிப்பார்ப்பதாகச் சொன்னாள். இருவர் ஒப்புக்கொண்டார்கள். வணிகக் கணிதத்துக்கே விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். அண்ணன் இன்னும் பேசவில்லை.

மளிகைக் கடை நோட்டு விளக்கத்தை மகளிடம் படித்துக்காட்டினேன். அன்றிரவே ஒரு நீளமான நோட்டை எடுத்து வீட்டுக் கணக்கைப் பற்று, வரவு என்று எழுதத் தொடங்கிவிட்டாள். ஆனால் எங்கள் சீட்டில் வந்து நின்றுவிட்டாள். ஒரு இலட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000. போன மாதம் 25,000 தள்ளி ஏலம் போயிற்று. கமிஷன் 5,000 போகத் தலைக்கு 1,000 கசர் (தள்ளுபடியில் பங்கு) வந்ததால், நாங்கள் 4,000 கட்டினோம். அந்த 1,000 எங்கே போகும் என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை, டீச்சர்.

ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை:

சீட்டுக் கணக்கில் 5,000 பற்று எழுதச் சொல்லுங்கள். ரொக்கக் கணக்கில் 4,000 வரவு, கசர் கணக்கில் 1,000 வரவு. இரண்டு பக்கமும் 5,000 ஆகிவிடும். சீட்டை எடுக்காதவரை அது உங்கள் சொத்து. ஆறாம் மாதத் தவணையும் கட்டி, அந்த மாதமே 25,000 தள்ளி எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: ரொக்கம் 75,000 பற்று, தள்ளுபடி 25,000 பற்று, சீட்டுக் கணக்கு 1,00,000 வரவு. அதுவரை கட்டிய 30,000 பற்று இருப்பாக இருந்த அதே கணக்கு, அன்று மாலை 70,000 வரவு இருப்பாகத் திரும்பிவிடும். மீதி 14 மாதம் கட்டவேண்டிய கடன் அதுதான்.

ஆகவே பயிற்சி வகுப்புக்காக இப்போதே தள்ளி எடுக்கவேண்டாம், ஐயா. முதல்நிலைத் தேர்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது; சீட்டு அதற்குள் முடிந்துவிடும். எத்தனையாவது மாதம் ஓடுகிறது என்று மகளை எழுதச் சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துச் சொல்கிறேன்.